இடது கால் ஊன்றிய தபால்காரி

அன்பு மகளுக்கு அப்பா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நல்ல சுகம், நான் அம்மா அனுமதிக்கிற அளவுக்குச் சுகம். உன் சுகத்தை நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவிடம் அரை மணி நேரம் சொல்கிறாய், அம்மா அதை அரை நிமிடமாகச் சுருக்கி என்னிடம் சொல்கிறாள், அதை வைத்து நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை நான் எடுத்தால் "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். கடிதம் பாதியில் இருக்கும்போது அம்மாவிடம் கொடுக்கச் சொல்ல முடியாது பார், அதற்காகத்தான். கையெழுத்து முன்னைவிடக் கோணலாகிவிட்டது, பொறுத்துக்கொள். முன்பெல்லாம் நான் எழுதியது "தேர்ச்சி", "தோல்வி" என்று இரண்டே வார்த்தைதான், அதனால் யாருக்கும் குறை தெரியவில்லை.

முதலில் வீட்டுச் செய்திகள். சமையலறைக் குழாயை நானே பழுது பார்த்தேன், முன்பு சொட்டியது, இப்போது ஒழுகுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, டாக்டர் படி ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அவள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், கேட்டால் நான் படி ஏறவில்லை மாடிக்குப் போனேன் என்கிறாள். எதிர்க் கட்டிடத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், அந்த வெளிச்சத்தில் நம் ஹாலில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் காமாலை வந்தவர்கள் மாதிரி தெரிகிறோம். இதெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். அவள் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன்.

போன மாதம் பதினோராம் தேதி உன் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். மூன்று வருடம் முன்பு, நீ இந்த வீட்டில் இருந்தபோது, முதல் சம்பளத்தில் முன்பதிவு செய்தாயே, நீ பள்ளியில் படிக்கும்போது டி.வி.யில் பார்த்த விண்வெளித் தொடரின் கதாநாயகி, கிரகம் விட்டுக் கிரகம் கடிதம் கொண்டு போகிற தபால்காரி, அவளும் அவள் வண்டியும், மேஜை மேல் வைக்கிற அளவில் செய்தது. நாலு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பெனி "சற்றே தாமதம்" என்று உனக்கு எழுதிக்கொண்டே இருந்தது. அந்தச் சற்றுக்குள் நான் ஓய்வு பெற்றேன், நீ வேலை கிடைத்துக் கண்காணாத தூரம் போனாய், அம்மா இரண்டு முறை கண்ணாடி மாற்றினாள். கடைசியில் தபால்காரி வந்து சேர்ந்தாள், நீ இல்லை. அம்மா உன்னிடம் கேட்டதற்கு நீ "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, யாருக்காவது குடுத்துடுங்க" என்றாயாம். அம்மா அதை என்னிடம் "அவளுக்கு இப்ப அதுல அவ்வளவு ஆர்வம் இல்லையாம்" என்று இதமாக மாற்றிச் சொன்னாள், ஆனால் உன் குரல் போனிலிருந்து சமையலறை வரைக்கும் கேட்கும் என்பது உங்கள் இருவருக்குமே தெரியாது. வருடக் கடைசி லீவுக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றதும் கேட்டது. முப்பத்தொரு வருடம் லைசென்ஸ் ஆபீசில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பார்க்கலாம் என்று சொன்னவன் நான், அதற்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஒரு பெட்டியை வேண்டாம் என்று சொன்னதற்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. யாருக்காவது கொடுக்கச் சொன்னாய் அல்லவா, நானும் அந்த யாராவதில் ஒருவன்தானே என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பிரித்துப் பார்த்தால் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம், நிஜத் துணியில் தைத்த உடுப்பு, தோளில் குறுக்காக ஒரு தபால் பை, முகத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவள் மாதிரி தெர்மாகோலுக்குள் படுத்திருந்தாள். பொம்மை என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், அதனால் தபால்காரி என்றே சொல்கிறேன். கூடவே ஒரு பொட்டலத்தில் பத்துக் கைகள். ஒருத்திக்கு எதற்குப் பத்துக் கை? பிடிக்கிற கை, குத்துகிற கை, சுட்டிக் காட்டுகிற கை, டாட்டா காட்டுகிற கை என்று வேண்டியதை மாட்டிக்கொள்ளலாமாம். அவற்றைத் தொலைக்காமல் இருக்க என் மாத்திரை டப்பாவில் கிழமை வாரியாகப் போட்டு வைத்தேன், செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதில் ஒரு முஷ்டியை வாயில் போட்டுக்கொண்டேன், விழுங்கவில்லை, அம்மாவிடம் கேட்டுப் பெரிதாக்காதே. விளக்கத் தாள் என்று ஒன்று இருந்தது, அதில் படங்களும் அம்புக்குறிகளும்தான், ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆயுள் முழுக்க விதிமுறையைப் படித்துக் காட்டியே பிழைத்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

வண்டியை வழக்கப்படி ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். சக்கரம் இல்லை, மிதந்து போகுமாம். நம்பர் பிளேட் இல்லை, ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, கண்ணாடி ஒரு பக்கம்கூட இல்லை, ஆனால் முன்பக்கம் இரண்டு துப்பாக்கி இருக்கிறது. தபால்காரிக்குத் துப்பாக்கி எதற்கென்று தெரியவில்லை, கடிதம் வாங்க மாட்டேன் என்கிறவர்களுக்காக இருக்கலாம். பக்கத் தகடு, இருக்கை, பின்னால் தபால் பெட்டி என்று இருபத்தாறு துண்டுகள், அதை மட்டும் ஒழுங்காக இரண்டு நாளில் பொருத்திவிட்டேன், வண்டி விஷயத்தில் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. முன்விளக்குக்குப் பொத்தான் பேட்டரி மூன்று வேண்டியிருந்தது, வாட்ச் கடைக்காரர் கையோடு வந்து போட்டுக் கொடுத்தார், விளக்கு எரிந்ததும் எனக்கு முன்னால் அவர் கை தட்டினார்.

ஆள் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பிடிக்கிற கையை மணிக்கட்டில் மாட்டும்போது ஏறவில்லை, கொஞ்சம் அழுத்தினேன், படக்கென்று உள்ளே இருக்கிற முளை ஒடிந்துவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா வந்து பார்த்து, உள் பொட்டலத்திலிருந்து உபரி முளை ஒன்றைத் தேடி எடுத்து, தலை காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்து அரை நிமிடம் சூடு காட்டி, வெண்ணெயில் விரல் நுழைகிற மாதிரி உள்ளே தள்ளிவிட்டாள். "சூடு காட்டாம முறுக்கினா ஒடியத்தான் ஒடியும், இருபத்திரெண்டு வருஷம் ஜவுளிக் கடைக் கண்ணாடிக்குள்ள பொம்மைங்களோடதான் குடும்பம் நடத்தினேன், அதுங்க உங்கள விட சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள். அன்றிலிருந்து அவளும் இதில் கூட்டுச் சேர்ந்துவிட்டாள். கடையில் பொம்மைகளுக்கு உடை மாட்டிவிட்டபோது கற்ற வித்தையெல்லாம் வெளியே வந்தது. உடுப்பின் உள்தையலைப் பிரித்து மடித்துத் தைத்தாள், காலர் நிற்க ஒரு கம்பி நுழைத்தாள், கழுத்தை இரண்டு விரலால் பிடித்து ஒரு நூல் அளவு திருப்பினாள், அதுவரைக்கும் முறைத்துக்கொண்டிருந்த தபால்காரி சட்டென்று யாரையோ தேடுகிற மாதிரி ஆகிவிட்டாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

நிறுத்தி வைப்பதில்தான் எங்களுக்குள் தகராறு. வண்டி அந்தரத்தில் இருப்பதாகத் தெரிய வேண்டும் என்று அடியில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குச்சி கொடுத்திருக்கிறார்கள், அதன் மேல் வண்டி, வண்டி மேல் இவள். நான் முறைப்படி உட்கார வைத்தேன். முதுகு நேர், இரண்டு கையும் கைப்பிடியில், பார்வை முன்னால், இரண்டு காலும் மிதிகட்டையில். அம்மா பார்த்துவிட்டு "தபால் குடுக்கப் போறாளா, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போறாளா" என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் வண்டி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து குப்புற விழுந்தது. இரண்டாவது நாள் குச்சியை இறுக்கி, குண்டூசி அடை கொடுத்து நிறுத்தினேன், மதியம் வரைக்கும் நின்றது, எதிர் வீட்டில் கதவைச் சாத்தினார்கள், விழுந்தது. "பெட்டிய ஒரு தடவ பாருங்களேன்" என்று அம்மா இரண்டு நாளும் சொன்னாள். நான் கேட்காதவன் மாதிரி இருந்தேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், பெட்டியை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். பெட்டி மேல் இருக்கிற படத்தில் அவள் வண்டியைச் சற்றே சாய்த்து, இடது காலைத் தரையில் ஊன்றித்தான் நிற்கிறாள். செய்தவன் எடையை அப்படிக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறான். பார்த்தேன், பார்த்துவிட்டுப் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கால் ஊன்றினால் என்ன என்று நான் யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

மூன்றாவது முறை விழுந்தபோது அம்மா அதை எடுத்து மேஜை மேல் வைத்து, "அவளையும் ஃபெயில் ஆக்கிட்டீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

இப்போது அந்தக் கதையை நான் சரியாகச் சொல்லிவிடுகிறேன், இதுவரைக்கும் நான் அதைச் சரியாகச் சொன்னதே இல்லை. உன் லைசென்ஸ் தேர்வு அன்று இன்னொரு அதிகாரி குடலிறக்க ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார், அவர் வரும் வரை இரண்டு வாரம் பொறுக்கலாம் என்று அம்மா சொன்னாள். நான்தான் வீம்பு பிடித்தேன், வேண்டியவரிடம் அனுப்பித் தேறவைத்துவிட்டேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது, நானே பார்க்கிறேன் என்றேன். நீ எட்டு போட ஆரம்பித்தாய். முதல் வளைவு சுத்தம். இரண்டாவதற்குத் திரும்பும்போது ஆபீஸ் நாய் குறுக்கே ஓடி வந்தது. நீ பிரேக் பிடித்து, இடது காலை ஊன்றி, அது போகிற வரைக்கும் நின்று, மறுபடி கிளப்பி மீதி எட்டை ஒரு குறையும் இல்லாமல் முடித்தாய். ஓட்டத் தெரிந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் படிவத்தில் "இடது கால் ஊன்றியது. தோல்வி" என்று எழுதினேன். விதி பதினான்கு என்று ஒன்று உண்டு, தேர்வுக்கு வந்தவர் தவறு இல்லாமல் தடங்கல் வந்தால் அந்தச் சுற்றை மறுபடி நடத்தலாம். தெரியாமல் இல்லை. அதற்கு முன் குறைந்தது நாற்பது பேருக்கு அந்த விதியைக் கொடுத்திருக்கிறேன், ஒருவருக்குக் குடை பறந்து வந்ததற்குக்கூட. உனக்குக் கொடுக்கவில்லை. பெஞ்சில் முப்பது பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் எல்லோருக்கும் நீ என் மகள் என்று தெரியும். அந்த முப்பது பேரில் ஒருவர் முகமும் இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டீ குடிக்கிற இடத்தில் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை பீற்றிக்கொண்டேன். ஓய்வு பெறும் விழாவில் மேடையில் மைக் பிடித்து, சொந்த மகளையே ஃபெயில் ஆக்கினவன் நான் என்று சொன்னேன், ஹாலே கை தட்டியது, கேடயம் கொடுத்தார்கள். நாய் வந்ததை மேடையில் சொல்லவில்லை, சொன்னால் கதை நன்றாக இருக்காது பார். நீ இரண்டாவது வரிசையில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். வீட்டுக்கு வந்ததும் "நல்லா பேசினீங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். உன் அப்பாவின் அறிவைப் பார், அதை ஒரு வாரம் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் நீ கிளம்பிவிட்டாய், நல்ல வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன், நல்ல வேலைதான்.

வண்டி மூன்றாவது முறை விழுந்ததற்கு மறுநாள் காலையில் நானே அவள் இடது காலை மிதிகட்டையிலிருந்து எடுத்து, முழங்காலை நீட்டி, பாதத்தைத் தரையில் பதித்து வைத்தேன். வண்டி அரை அங்குலம் அவள் பக்கம் சாய்ந்து நின்றது. எதிர் வீட்டுக் கதவைச் சாத்தினார்கள், நின்றது. அம்மா மேஜையை ஆட்டிப் பார்த்தாள், நின்றது. இவ்வளவுதான் விஷயம், இதற்கு எனக்கு மூன்று வருடமும் மூன்று விழுதலும் வேண்டியிருந்தது.

வைப்பதற்கு இடம் வேண்டுமே, உயரத்துக்குத் தோதாக ஹால் ஷோகேஸின் நடுத்தட்டு ஒன்றுதான் இருந்தது, அதில் என் கேடயம். அம்மா துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தாள். கேடயத்தை நானே எடுத்தேன். இப்போது அது வாஷிங் மெஷினின் பின்கால் அடியில் இருக்கிறது, மெஷின் ஆடாமல் ஓடுகிறது, கேடயம் வந்த நாளிலிருந்து இப்போதுதான் அதனால் ஒரு உபயோகம். தபால்காரியை அம்மா தன் முறைப்படி நிறுத்தினாள், நேரே பார்க்க விடாமல் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பி, பின்னால் கறுப்புத் துணி போட்டு, மேலே சின்ன விளக்கு. வலது கை கைப்பிடியில், இடது கையில் ஒரு கடிதம், பையிலேயே நகத்தளவு கடிதங்கள் கொடுத்திருக்கிறார்கள். யார் வந்தாலும் முதலில் அவளைத்தான் பார்க்கிறார்கள், நான் சோபாவில் இருப்பது பிறகுதான் தெரிகிறது.

போன வியாழக்கிழமை முத்திரை வந்திருந்தார். ஞாபகம் இருக்கும், என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்துக்கு முத்திரை குத்திக் குத்தி அதுவே பெயராகிப் போனவர், அன்று மைதானத்தில் இருந்தவர். ஷோகேஸைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. "என்ன சார், கால் ஊனியிருக்காளே, உங்க கணக்குல ஃபெயில்தானே" என்றார். நான் "குறுக்க நாய் வந்துச்சு" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சது நான்தான் சார், அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடி வந்துச்சு, நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார். வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவரிடம் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் மறுநாளே இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

உன் படிவத்தின் நகல் என் இழுப்பறையில்தான் இருந்தது, கதைக்குச் சாட்சியாக வைத்திருந்தேன். அதில் தோல்வி என்பதை அடித்து, விதி பதினான்கின்படி மறுபரிசீலனை செய்யப்பட்டது, தேர்ச்சி என்று எழுதித் தேதி போட்டு இதோடு வைத்திருக்கிறேன். சட்டப்படி இதற்கு ஒரு மதிப்பும் கிடையாது, எழுதியவன் ஓய்வு பெற்றவன், உனக்கோ அங்கே உரிமம் கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. எப்படித் தெரியும் என்று முழிக்காதே, அம்மா வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. புது அறை என்று ஒரு போட்டோ அனுப்பினாயே, கதவுக்குப் பின்னால் கொக்கியில் ஹெல்மெட் தொங்குகிறது, தாடைப் பட்டி தேய்ந்து நூல் பிரிந்திருக்கிறது, தினமும் மாட்டினால்தான் அப்படித் தேயும். அதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, இதை என்னிடம் மறைக்க வேண்டியிருந்ததே என்று கஷ்டமாகவும் இருந்தது. நான் உனக்கு அநியாயம் செய்தேன் மகளே. மனசில் வைத்துக்கொள்ளாதே என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

அம்மா கேட்கச் சொன்னது, இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டாயா, அதை நிறுத்தாதே. நான் சொல்வது, அந்த ஹெல்மெட் பட்டியை இந்த வாரமே மாற்று, நூல் பிரிந்தது சமயத்தில் கை கொடுக்காது. லீவுக்கு வருகிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் பார்க்கலாம் என்பாய். ஒன்று மட்டும் சொல்கிறேன், என் பழைய வண்டியை வெளியே எடுத்து, எண்ணெய் மாற்றி, காற்று அடித்துத் துடைத்து வைத்திருக்கிறேன். நீ வந்தால் நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன், அம்மா நம்பவில்லை, நீயாவது நம்பு. எங்கே வேண்டுமானாலும் கால் ஊன்றிக்கொள்.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்ல மனிதர்கள் நடுவில் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
பின் சீட்டில் இடம் கேட்கும்
உன் அப்பா